பின்னால் உட்கார்ந்தவள்

காரைக்கால்
10 ஜூன் 2025

அன்புள்ள சஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், பேரன் பயந்து அழுகிறான், இனிமேல் எதுவானாலும் மெயிலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று உன் மகள் நௌஷின் உத்தரவு போட்டுவிட்டாள். சரி, எழுதுகிறேன். நிக்காஹுக்கு முன்னால் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், அதற்கு நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு.

பெருநாள் நல்லபடி கழிந்தது. குர்பானிக் கறியைப் பக்கத்து வீட்டுச் சித்திக்கா ஆக்கிக் கொடுத்தாள். உப்பு கம்மி. நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இப்போது விஷயம். கொல்லைக் கொட்டகையில் ஒரு வருஷமாகக் கவிழ்ந்து கிடந்த நம் கேனோப் படகை நேற்று நிமிர்த்தினேன். வரிச்சிக்குடி அம்பலவாணன் வந்திருந்தார், மின்சார வாரியத்தில் ரிட்டயர்டு ஆகி இப்போது வயலைப் பார்க்கிறாரே, அவர்தான். உள்ளே ஒட்டியிருக்கும் ஃபோம் கட்டைகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன பாய், குதிரைச் சேணம் மாதிரி?" என்று கேட்டார். மலையாற்றுப் படகில் சீட்டு கிடையாது, இதன் இரண்டு பக்கமும் காலைப் போட்டு முட்டி போட்டு உட்கார வேண்டும், தொடைக்கு மேல் பட்டை போட்டு இறுக்க வேண்டும், அப்போதுதான் படகு உடம்போடு சேர்ந்து சாயும் என்று சொன்னேன். அவர் என் முட்டியைப் பார்த்தார்.

அந்தச் சேணம் இரண்டையும் பெயர்த்து எடுத்துவிட்டேன். முன்னால் இருந்த என்னுடையது முழுசாக வந்தது. பின்னால் இருந்த உன்னுடையது பாதியில் பிய்ந்துவிட்டது. நடுவில் ஒரே சேணம் வைத்து ஒரு ஆள் ஓட்டும் படகாக மாற்றப் போகிறேன். நீதான் இனி ஏற மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு பிரான்சில் மகள் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாயே.

இதில் எனக்குச் சில சந்தேகங்கள். தொடைப்பட்டை மாட்டுகிற வளையங்கள் வெயிலில் உரிந்து கையோடு வந்துவிட்டன. எந்தப் பசை போடுவது? முன்பக்கம் அடியில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அதை எதை வைத்து அடைப்பது? நடு என்றால் சரியாக நடுவிலா, கொஞ்சம் தள்ளியா? இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். ஜூலையில் மழை பிடித்ததும் கேரளத்து ஆற்றுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அதே ஆறுதான்.

உன்,
இப்ராஹிம்


வாலன்ஸ்
13 ஜூன் 2025

மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். என் சேணத்தைப் பிடுங்கியதை, கறியில் உப்பு கம்மி என்று எழுதின கையோடேயே எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? நான் மௌத்தாகிவிட்டேனா, சாமானை எடுத்து ஒதுக்குவதற்கு?

பள்ளிவாசலில் முட்டி வலி என்று நாற்காலி போட்டுத் தொழுகிற மனுஷன் நீங்கள். கேனோ என்றால் மட்டும் முட்டி மடங்குமா?

உங்கள் சந்தேகம் எதற்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் ஆற்றுக்குப் போவீர்கள். உங்களுக்கு வயது அறுபத்தாறு. அந்தப் படகில் நீங்கள் முன்னால் உட்கார்ந்து துடுப்பை இழுத்தீர்கள், அவ்வளவுதான். படகைத் திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. எந்தப் பாறைக்கு இடப்பக்கம், எந்தச் சுழலுக்கு வலப்பக்கம் என்று பார்த்தவள் நான். உங்களுக்கு ஆற்றைப் படிக்கத் தெரியாது. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை.

போன வருஷம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். நீங்கள் தண்ணீருக்கு அடியில் இருந்தீர்கள். மேலே இருந்தவள் நான். படகு கவிழ்ந்தது, நான் கழன்று வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் படகின் அடிப்பக்கம் மட்டும் மேலே மிதக்கிறது. பக்கத்தில் உங்கள் தலை இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் என்று நீந்திப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. கயிறோடு நின்றிருந்த மலையாளத்துப் பையன் குதித்து, உள்ளே கத்தியை விட்டு உங்கள் பட்டையை அறுத்து இழுத்தான். நீலமாக இருந்தீர்கள்.

இங்கே பள்ளிக்கூடக் கான்டீனில் வேலை பார்த்த காலத்தில் அந்தப் படகுக் கிளப்புக்கு உங்களை இழுத்துப் போனவளே நான்தான். இப்போது பேரனைத் தொட்டியில் குளிப்பாட்டக்கூட நான் போவதில்லை, நௌஷின்தான் செய்கிறாள். படகை மறுபடி கவிழ்த்து வையுங்கள். குளிர் என்று சாக்குச் சொல்லாமல் டிக்கெட் எடுத்து இங்கே வாருங்கள்.

சஃபியா


காரைக்கால்
17 ஜூன் 2025

அன்புள்ள சஃபியாவுக்கு,

நீ சொல்லித் தராவிட்டால் உலகத்தில் பசையே கிடைக்காதா? மார்க்கெட்டுப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரிடம் மஞ்சள் பசை வாங்கி வளையங்களை ஒட்டிவிட்டேன். கல் மாதிரிப் பிடித்திருக்கிறது. அடியில் இருக்கும் வெடிப்புக்கு மண்டபத்தூரில் ஃபைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறவரிடம் சொல்லியிருக்கிறேன். கடலுக்குப் போகிற போட்டையே தாங்குகிற ரெசின், இந்த ஓடத்தைத் தாங்காதா?

நீ குளிருக்கு வா என்கிறாய். முப்பது வருஷம் அந்தக் குளிரில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் நின்ற கால் இது. மறுபடி வர மாட்டேன் என்று சொல்லித்தானே கண்டெய்னரில் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தோம்.

உன் பேச்சுக்கு மரியாதை கொடுக்கவில்லை என்று நினைக்காதே. தனியாகக் கேரளத்துக்குப் போகாதே என்கிறாய், சரி, அதை விட்டுவிட்டேன். இங்கேயே ஒரு வழி கிடைத்திருக்கிறது. கல்லணை திறந்தாச்சு. கடைமடைக்குத் தண்ணீர் வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அம்பலவாணன் வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்துவிட்டால் அரசலாற்று ஷட்டருக்குக் கீழே தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கிளம்பும் இல்லையா? பாறை கிடையாது, மரம் கிடையாது. வீட்டுக்குப் பக்கம். அங்கே பழகிக்கொள்கிறேன். அம்பலவாணன் கரையில் கயிறோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது நிம்மதிதானே?

இப்ராஹிம்


வாலன்ஸ்
18 ஜூன் 2025

மச்சானுக்கு,

நிம்மதியா? உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து நான் அடுப்பங்கரைப் பக்கமே போகவில்லை.

முதலில் ஷட்டர். கதவுக்கு அடியில் பீறிட்டு வருகிற தண்ணீர் மேலே கிளம்பி, பின்பக்கமாகச் சுருண்டு, கதவை நோக்கியே திரும்பும். நீங்கள் அழகாகப் பார்க்கிற அந்த வெள்ளை நுரை, திரும்பி வருகிற தண்ணீர். உள்ளே போன எதையும் அது வெளியே விடாது. அமுக்கும், மேலே விடும், மறுபடி கதவுப் பக்கம் இழுக்கும், மறுபடி அமுக்கும். மலையாற்றிலும் சுருள் உண்டு, ஆனால் பக்கவாட்டில் எங்காவது ஒரு வாய் இருக்கும், அதைப் பிடித்து வெளியே வரலாம். ஷட்டரில் இரண்டு பக்கமும் காங்கிரீட் சுவர். இங்கே கிளப்பில் சேர்ந்ததும் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதான். அன்று நீங்கள் காபி குடிக்கப் போயிருந்தீர்கள். அம்பலவாணன் கயிறு போட்டு இழுத்தால் அவரும் உள்ளே வருவார். அங்கே படகு இறக்க மாட்டேன் என்று பேரன் தலைமேல் சத்தியம் செய்து எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் இன்றே உங்கள் தம்பி வீட்டுக்குப் போன் போட்டுப் படகை வெட்டச் சொல்வேன்.

அடுத்தது பசை. நேற்றிலிருந்து நான் படுகிற பாடு இதில்தான். சொன்னால் உங்களைத் தண்ணீரில் தள்ளினவள் ஆகிறேன். சொல்லாவிட்டால் செருப்புப் பசையோடு போவீர்கள், நடு ஆற்றில் ஒரு பக்கத்து வளையம் மட்டும் கழன்று, ஒரு கால் மாட்டியபடி கவிழ்வீர்கள். உட்கார்ந்து அழுதுவிட்டு எழுதுகிறேன்.

மஞ்சள் பசையை முழுக்கச் சுரண்டி எடுங்கள். வளையத்தோடு இருக்கும் வட்டத் துண்டு வினைல், அதன் மேல் அந்தப் பசை ஒரு மாதத்தில் இளகி ஜவ்வாகிவிடும். காற்றடிக்கிற ரப்பர் படகு ரிப்பேர் பண்ணுகிறவர்கள் வினைலுக்கென்றே ஒரு பசை வைத்திருப்பார்கள், சென்னையிலிருந்து வரவழையுங்கள். இரண்டு பக்கமும் மணல்தாள் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஹேர் டிரையரால் சூடு காட்டி ஒட்டி, கரண்டி முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். டிரையர் என் அலமாரியில் இருக்கிறது. காலையில் செய்யாதீர்கள், நம்மூர் ஈரக்காற்று பசைக்குள் போய்விடும். உச்சி வெயிலில், வீட்டுக்குள் வைத்துச் செய்யுங்கள்.

வெடிப்புக்கு மண்டபத்தூர் ரெசின் வேண்டாம். அது ஃபைபரில் பிடிக்கும், நம் படகின் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, ஓடாக உரிந்து வரும். எபாக்சி என்று வேறு பசை இருக்கிறது, அதை வாங்கச் சொல்லுங்கள். சேணம் நடுவுக்கு ஒரு சாண் பின்னால்.

இதையெல்லாம் நான் உங்களைப் போகச் சொல்லி எழுதவில்லை.

சஃபியா


காரைக்கால்
3 ஜூலை 2025

அன்புள்ள சஃபியாவுக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். ரெசின் விஷயம் நீ சொன்னது அச்சு அசல். மண்டபத்தூர்க்காரர் நான் சொல்வதற்கு முன்னாலேயே கொஞ்சம் பூசியிருந்தார். நகத்தால் நெம்பினேன், அப்பளமாகக் கையோடு வந்தது. அவரே எபாக்சி வாங்கிவந்து மறுபடி போட்டார்.

ஷட்டருக்குப் போக மாட்டேன். பேரன் தலைமேல் சத்தியம். நீ பயமுறுத்தியதற்காக மட்டும் இல்லை. தண்ணீர் வந்த அன்று நானும் அம்பலவாணனும் போய்ப் பார்த்தோம். ஊரே சந்தோஷமாக நின்று பார்த்தது, ஒருவர் சூடம்கூட ஏற்றினார். ஒரு பச்சைத் தேங்காய் மட்டையை உள்ளே போட்டேன். அமுங்கியது, எழும்பியது, கதவுப் பக்கம் போனது, மறுபடி அமுங்கியது. அம்பலவாணன் டீ குடிக்கலாம் என்று கூட்டிப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மட்டை அங்கேயேதான் உருண்டுகொண்டிருந்தது. நான் சாவியை அம்பலவாணன் கையில் கொடுத்துவிட்டேன். ஸ்கூட்டரை அவர்தான் ஓட்டி வந்தார்.

இனி ஒளித்து என்ன ஆகப் போகிறது? நான் வீம்புக்குப் படகைத் தட்டி எடுக்கவில்லை, சஃபியா. போன வருஷம் அந்த ஆற்றிலிருந்து வந்த பிறகு எனக்குத் தொழுகைக்கு ஒளுச் செய்ய முடியவில்லை. பள்ளிவாசல் ஹவுள் தொட்டியடியில் உட்கார்ந்து உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் நெஞ்சு அடைக்கிறது. கண்ணுக்கு முன்னால் பச்சையாக இருட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்கிறார்களே என்று விரலை நனைத்துத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். முட்டி வலிக்காக நாற்காலி போடவில்லை. சஜ்தாவில் தலையைக் கீழே வைத்தால் தலைகீழாகத் தொங்குவதுபோல் இருக்கிறது, அதனால்தான் நாற்காலி. குளிக்கும்போது சொம்பால் தோளுக்கு மேல் ஊற்றுவதில்லை. தலைக்கு ஈரத்துணிதான்.

உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. நீயும் பயந்து கிடந்தாய். இரண்டு பேரும் பயந்தால் வீடு என்ன ஆகும் என்று நான் வீரன் வேஷம் போட்டேன். நீ அந்த வேஷத்தோடு சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டாய்.

ஒரே ஒரு தடவை தலைகீழாகக் கவிழ்ந்து, நானே பட்டையைக் கழற்றிக்கொண்டு, நானே வெளியே வர வேண்டும். வந்துவிட்டால் இது போகும் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டால் மிச்ச ஹயாத்து முழுவதும் ஒரு கை தண்ணீருக்குப் பயந்து சாக வேண்டியதுதான்.

இப்ராஹிம்


வாலன்ஸ்
5 ஜூலை 2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை நௌஷினுக்குக் காட்டவில்லை. நான் மார்பில் மாட்டியிருக்கிற பைக்குள் பேரன் தூங்குகிற நேரமெல்லாம் மறுபடி மறுபடி வாசிக்கிறேன்.

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, நீங்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்த நீலம் ஞாபகம் வரும் என்று நான் பார்க்காமல் இருந்தேன், மச்சான். அதனால்தான் தெரியவில்லை.

வேண்டாம் என்று இனி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் சொல்கிறபடிதான். ஷட்டருக்கு வெகு தூரம் கீழே, ஆறு அகன்று ஓடுகிற இடமாகப் பாருங்கள். வலை கட்டியிருக்கக் கூடாது, பாலத்தூண் கிட்டத்தில் இருக்கக் கூடாது. மண்டபத்தூரிலிருந்து நீந்தத் தெரிந்த ஒருவர் போட்டோடு பக்கத்தில் இருக்க வேண்டும். அம்பலவாணன் கரையில் நிற்கட்டும், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். தலைக்கவசம், மிதவைச் சட்டை, படகின் இரண்டு முனையிலும் காற்றுப் பை. இறங்குவதற்கு முன்னால் படகின் உள்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சரி என்று எழுதின பிறகுதான் தண்ணீரில் இறக்க வேண்டும்.

ஊரில் எல்லோரும் தண்ணீர் வரவில்லையே என்று கவலைப்பட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் இங்கே உட்கார்ந்து வராமல் இருக்கட்டும் என்று துஆச் செய்தேன். அல்லாஹ் என் துஆவைக் கேட்கவில்லை, நல்லதுதான், அம்பலவாணன் பயிர் பிழைக்கட்டும்.

சஃபியா


காரைக்கால்
11 ஜூலை 2025

அன்புள்ள சஃபியாவுக்கு,

படங்கள் அனுப்பியிருக்கிறேன். கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற தௌஹீத்தான் ஏற்றிக் கொடுத்தான். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் போய்வரவே பாதி நாள் போய்விட்டது, மாடியிலிருந்து வீசுகிற மாம்பழம் ஒன்று தலையில் வந்து விழுந்தது வேறு.

எப்படி இருக்கிறது? சேணம் நடுவுக்கு ஒரு சாண் பின்னால். முட்டிக்கு அடியில் இரட்டை ஃபோம். வளையம் இரண்டும் நீ சொன்ன பசை, அம்பலவாணன் தொங்கிப் பார்த்தார், அசையவில்லை. பட்டை புதுசு. பட்டையை இறுக்குகிற பக்கிளும் புதுசு. ஈரத்தில் பட்டை தானாக வழுக்கி இளகிவிடுகிறது என்று முன்னாலெல்லாம் நான் புலம்புவேனே, அதற்கும் வழி செய்தாயிற்று. இந்தத் தடவை அசைய வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். உன் பதில் பார்த்துவிட்டுத்தான்.

இப்ராஹிம்


வாலன்ஸ்
12 ஜூலை 2025

மச்சான்,

மூன்றாவது படத்தில் பக்கிளை ஒட்டிப் பட்டையின் வால் நுனியில் இருப்பது முடிச்சா? முடிச்சு என்றால் உடனே அவிழுங்கள். அவிழ்க்காமல் படகில் உட்காராதீர்கள்.

பக்கிளை நெம்பினால் பட்டை பின்னால் ஓடி இளக வேண்டும். அப்போதுதான் கால் வெளியே வரும். முடிச்சு இருந்தால் அது பக்கிளில் வந்து முட்டி நின்றுவிடும். எவ்வளவு நெம்பினாலும் இளகாது. போன வருஷமும் இப்படித்தான் போட்டிருந்தீர்களா? இதற்கு மட்டும் உடனே பதில் வேண்டும்.

சஃபியா


வாலன்ஸ்
12 ஜூலை 2025, மதியம்

மச்சான்,

பதில் இல்லை. நௌஷின் போனை நானே பிடுங்கிக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. சித்திக்காவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். வீடு பூட்டியிருக்கிறதாம், ஜன்னல் வழியாக உள்ளே போன் அடிப்பது கேட்கிறதாம். கொல்லைப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். கொட்டகையில் படகு இல்லை என்றாள்.

நாளைக்கு என்றுதானே எழுதினீர்கள்? என் பதிலைப் பார்த்துவிட்டு என்றுதானே எழுதினீர்கள்?

யா அல்லாஹ். நான் அந்தப் பசையைச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாது. செருப்புப் பசையாக இருந்தால் வளையமாவது பிய்ந்துகொண்டு வந்திருக்கும். நான்தான் அதைப் பிய்யாமல் பண்ணிக் கொடுத்தேன்.

இதை வாசித்ததும் ஒரு எழுத்து போடுங்கள். ஒரு எழுத்து போதும்.

சஃபியா


காரைக்கால்
13 ஜூலை 2025

அன்புள்ள சஃபியாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று போனில் சொன்னேன், நீ அழுத அழுகையில் வேறு ஒன்றும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்பலவாணன் வயலில் நடவு. ஆள் அன்றைக்குத்தான் கிடைத்தது. அதனால் சனிக்கிழமையே போய்விடலாம், கவிழ வேண்டாம், சும்மா ஓட்டி மட்டும் பார்க்கலாம் என்றார். போன் நனையும் என்று மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனேன். மதியம் முழுக்க ஆற்றில் இருந்தேன். பட்டை இறுக்கமாக, கால் அசையாமல், எவ்வளவு திடமாக இருக்கிறது என்று அம்பலவாணனிடம் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு தடவை சாய்ந்து, கவிழாமல் தப்பினேன்.

வீட்டுக்கு வந்து உன் மெயிலைப் பார்த்தேன். போன வருஷமும் இருந்ததா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம். இருந்தது. அட்டைப்பெட்டியில் நைலான் கயிற்றைக் கட்டி நுனியில் ஒரு முடிச்சுப் போட்டால்தான் என் கை அடங்கும். அங்கே தொழிற்சாலையிலும் அப்படித்தான், நம் ஊருக்கு அனுப்புகிற பார்சலிலும் அப்படித்தான். எந்த ஏர்போர்ட்டில் எவன் இழுத்தாலும் அவிழாது என்று நீயே என் கட்டைப் புகழ்ந்திருக்கிறாய். பட்டை வழுக்குகிறதே என்று படகிலும் போட்டேன். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை யாராவது சொல்லுவார்களா?

படகைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, அதில் உட்கார்ந்து, பட்டையை மாட்டிப் பக்கிளை நெம்பினேன். முடிச்சு வந்து முட்டியது. மறுபடி நெம்பினேன். தரையில்தான் உட்கார்ந்திருந்தேன், வெயில் அடித்தது, சித்திக்கா வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை வந்தது. ஆனாலும் என்னால் காலை வெளியே எடுக்க முடியவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டி, கடைசியில் அம்பலவாணன்தான் வந்து முடிச்சை அவிழ்த்துவிட்டார்.

ஒரு வருஷம் நாம் தண்ணீரையும் பாறையையும் திட்டிக்கொண்டிருந்தோம், சஃபியா. என்னைப் பிடித்து வைத்திருந்தது என் கையேதான்.

இப்ராஹிம்


வாலன்ஸ்
15 ஜூலை 2025

மச்சானுக்கு,

உங்கள் கையைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கை பெட்டி கட்டின காசில்தான் இத்தனை வருஷம் நான் சாப்பிட்டேன், உடுத்தினேன்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி பயம் குறையும் என்று நௌஷின் சொல்கிறாள். எனக்குக் குறையவில்லை. கூடித்தான் இருக்கிறது. இந்த முடிச்சு என் கண்ணில் பட்டது, என் கண்ணில் படாதது இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ என்று படுத்தால் அதே நினைப்பு.

ஆனாலும் போங்கள். வாசலில் வைத்துப் பக்கிளை நெம்பி நெம்பிப் பழகுங்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு பழகுங்கள், கை தானாகப் போக வேண்டும். பிறகு போங்கள். எந்த நாள் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று எழுதினேன், அழித்துவிட்டேன். சொல்லாமல் போங்கள். முடிந்ததும் எழுதுங்கள். அந்த நேரத்தில் அது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்து இங்கே உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது.

சஃபியா


காரைக்கால்
21 ஜூலை 2025

அன்புள்ள சஃபியாவுக்கு,

நேற்று போனோம். முடிந்துவிட்டது. நான் கரையில், வீட்டில், உலர்ந்த கைலியோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரி இடம்தான். ஆறு அகன்று, பழுப்பாக, நல்ல வேகமாக ஓடியது. மண்டபத்தூர்க்காரர் போட்டோடு கொஞ்சம் தள்ளி நின்றார். அம்பலவாணன் கரையில். நடு ஆற்றுக்குப் போனதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று கரையைப் பார்த்தேன். அம்பலவாணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நடவை முடித்த கையோடு எனக்காக வந்து நிற்கிற மனுஷன். பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தேன்.

உள்ளே போனதும் காதில் இரைச்சல். செம்மண் நிறத்தில் இருட்டு. மூக்கில் தண்ணீர் ஏறியது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் கை போய்விட்டது, சஃபியா. நான் சொல்லவில்லை, அதுவாகவே பக்கிளைத் தேடிப் போய் நெம்பியது. பட்டை ஓடியது. முட்டி இளகியது. தலை வெளியே வந்தது.

வெளியே வந்ததும் அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நான் திரும்பிப் படகின் பின்பக்கத்தைப் பார்த்தேன். படகின் அடிப்பக்கம் மட்டும் மேலே மிதந்தது. பக்கத்தில் உன் தலை இல்லை. அந்தப் பக்கம் இருப்பாய் என்று சுற்றிப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. படகுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். சஃபியா, சஃபியா என்று கத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாது, அம்பலவாணன்தான் பிறகு சொன்னார். மறுபடி உள்ளே முங்கப் போனேன். தண்ணீருக்குள் தலையை விடுகிறோம் என்ற பயமே எனக்கு வரவில்லை.

அம்பலவாணன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று கத்தினார்: "அவங்க பிரான்சுல இருக்காங்க பாய். படகுல நீங்க மட்டுந்தான் இருந்தீங்க. கயித்தைப் பிடிங்க பாய்."

பிடித்தேன். கரையில் ஏறி உட்கார்ந்தேன். சாதித்துவிட்டீங்க பாய் என்று மண்டபத்தூர்க்காரர் முதுகில் தட்டினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். பயந்துட்டார் போல என்று அவர்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு வருஷமாக நான் பயந்ததெல்லாம் எனக்காகத்தான். என் மூச்சு, என் மூக்கு, என் முட்டி. நேற்று உன்னைக் காணோம் என்று நினைத்த அந்தக் கொஞ்ச நேரத்தின் பயத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதுவும் நீ வாலன்ஸில் பத்திரமாக இருக்கும்போதே எனக்கு அப்படி. போன வருஷம் நீ உண்மையிலேயே தேடினாய். கையில் நான் தட்டுப்படவும் இல்லை.

இதை மனசில் வைத்துக்கொண்டா சஃபியா, ஒரு வருஷம் எனக்குச் சோறு போட்டாய்?

இப்ராஹிம்